வாடகைக் காருக்கு ஒரு வாடகைச் சங்கிலி

சங்கிலி ஒன்று வேண்டும், மலிவாக எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இருந்த நால்வரும் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தமக்குத் தெரிந்த நகைக்கடையில் செய்கூலி குறைவு என்று சொல்லவே தொடங்கிவிட்டார். கழுத்துக்கு அல்ல, கார் டயருக்கு என்று நான் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. வருடம் முழுக்கப் புழுக்கத்தில் வேகிற ஊரில் இருந்துகொண்டு பனிச்சங்கிலி தேடுகிறவளைப் பார்த்து வேறென்ன செய்வார்கள்!

பனிச்சங்கிலி என்பது வேறொன்றும் இல்லை. பனி உறைந்த சாலையில் டயர் வழுக்காமல் இருக்க, டயரின்மேல் வலைபோலப் போர்த்தி மாட்டுகிற இரும்புச் சங்கிலிதான் அது. சக்கரம் சுற்றும்போது சங்கிலியின் கண்ணிகள் பனியைக் கடித்துப் பிடிக்கும். ரப்பர் டயர் மட்டும் இருந்தால் கண்ணாடித் தரையில் சோப்பை வைத்த கதையாகிவிடும்.

எங்களுக்கு அது எதற்கு என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா? பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அண்ணனின் மூத்த மகள் மெல்பர்னில் தாதியாக வேலை செய்கிறாள். அவள் கணவர் ஈப்போக்காரர். "பாட்டி நடமாடும்போதே ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்க அத்தை" என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். 2020-ஆம் ஆண்டுக்கு எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். அந்த மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பயணம் நின்றது. 2022 ஏப்ரல் முதல் தேதி நாட்டின் எல்லைகள் திறந்தபிறகு, அந்தச் செப்டம்பர் பள்ளி விடுமுறையில் போவதென்று முடிவாயிற்று. நான், என் கணவர், எழுபத்தொரு வயது அம்மா, பதினான்கு வயது மகன், பத்து வயது மகள் என்று ஐந்து பேர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதில் பத்து வெள்ளி வீணானாலும் எனக்கு வயிறு எரியும்.

பிள்ளைகளுக்குப் பனி பார்க்கவேண்டும். ஷா ஆலம் ஐ-சிட்டியில் இருந்த பனிக்கூடத்துக்கு முன்பொரு முறை அழைத்துப் போயிருந்தோம். "ஐஸ் பெட்டிக்குள்ளே போயிட்டு வந்த மாதிரி இருக்கும்மா" என்று மகன் உதட்டைப் பிதுக்கிவிட்டான். அவனுக்கு மலையும் வேண்டும், அதில் சறுக்குகிற கட்டையும் வேண்டும். அண்ணன் மகள் மௌண்ட் புல்லர் என்ற மலையைச் சொன்னாள். மெல்பர்னிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். உச்சி 1,805 மீட்டர் உயரம். நமது கெந்திங் மலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி பெய்யும். அத்துடன் ஒரு செய்தியையும் சேர்த்துச் சொன்னாள். விக்டோரியா மாநிலத்தில், பனிக்காலம் என்று அறிவித்த நாட்களில் சாதாரண கார் அந்த மலையில் ஏறவேண்டுமானால் சங்கிலி கையோடு இருக்கவேண்டும் என்பது சட்டம். மாட்டவேண்டிய அவசியம் வராவிட்டாலும் சரி, காரில் இருந்தாக வேண்டும். ஜூன் மாதத்தில் ராணியின் பிறந்தநாள் விடுமுறையோடு தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை அந்தக் காலம் நீளும். (நாங்கள் அங்கே இருந்த அந்த வாரத்தில்தான் எலிசபெத் ராணியார் காலமானார். இப்போது அது ராஜாவின் பிறந்தநாள் விடுமுறை.)

அவர்களுடைய சொந்தக் கார் சிறியது. ஏழு பேர் போக வாடகைக் கார்தான் எடுக்கவேண்டும். ஆக, வாடகைக் காருக்குச் சங்கிலி. அங்கே எல்லாம் டாலர் விலை. ஒரு டாலர் அப்போது நம் மூன்று வெள்ளி. இங்கேயே மலிவாக வாங்கி எடுத்துப்போனால் என்ன என்று என் கணவருக்குத் தோன்றியது. அவர் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவர். சாமான் கடைகள் எல்லாம் அவருக்குப் பழக்கம்.

கிள்ளானில் ஜப்பானியப் பழைய கார்களைப் பாதியாக அறுத்து இறக்கி விற்கிற 'ஹாஃப் கட்' கடைகள் இருப்பது வாசகர்களுக்குத் தெரியும். இஞ்சின் வேண்டுமென்றால் முன்பாதி, கதவும் விளக்கும் வேண்டுமென்றால் பின்பாதி. ஜப்பானில் பனி பெய்கிறது, ஆகவே பின்பாதியில் சங்கிலி கிடந்தாலும் கிடக்கும் என்பது என் கணவரின் கணக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மேரு பக்கத்தில் ஒரு தவுக்கே உண்மையாகவே மூலையில் தேடி ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வந்தார். ஜப்பானிய எழுத்து, உள்ளே கறுப்பு ரப்பர் வலை. எண்பது வெள்ளி கேட்டார், அறுபதுக்கு இறங்கினார். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறாராம், இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நாங்கள்தானாம்.

என் கணவர் பணப்பையில் கை வைத்தவர், பெட்டியின் பக்கவாட்டைப் படித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். அதில் 13 அங்குலச் சக்கரத்துக்கான அளவுகள் போட்டிருந்தன. ஜப்பானில் ஓடும் குட்டிக் கார்களுக்கு உரியது. உங்கள் காரின் டயர்ப் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். 205/55 R16 என்பதுபோல ஒரு எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். மூன்றும் சங்கிலிப் பெட்டியில் உள்ள அட்டவணையோடு பொருந்தவேண்டும். தொளதொளவென்று இருந்தால் சங்கிலி கழன்று அடிப்பாகத்தை அடிக்கும். இறுக்கமாக இருந்தால் மாட்டவே முடியாது. செருப்புக் கடையில் கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

எங்கள் கால் அளவோ எங்களுக்கே தெரியாது! வாடகைக் கார் பதிவுச் சீட்டில் ஒரு காரின் பெயரைப் போட்டு, 'அல்லது அதற்கு இணையான கார்' என்று எழுதியிருந்தார்கள். எந்தக் கார் வரும், அதற்கு எந்த டயர் என்பது சாவியைக் கையில் வாங்கும் நாளில்தான் தெரியும். போதாக்குறைக்கு இரும்புச் சங்கிலி என்றால் ஐந்தாறு கிலோ கனக்கும். மலிவு விமானத்தில் பெட்டி எடைக்குத் தனிக்காசு. அறுபது வெள்ளிச் சாமான் இருநூறு வெள்ளியில் போய் நிற்கும். தவுக்கேக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். வருகிற வழியில் பழந்துணிக் கட்டுக் கடையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குளிர்க்கோட்டு பதினைந்து வெள்ளிக்குக் கிடைத்தது. அன்றைய அலைச்சலுக்கு அதுவே லாபம்.

அடுத்தது வாடகை ஒப்பந்தம். அண்ணன் மகள் அதைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். பிள்ளைகளின் கட்டுரைகளை இருபது வருடமாகச் சிவப்பு மையால் திருத்துகிறவளுக்குப் பொடி எழுத்தைப் படிப்பது பெரிய வேலையில்லை. பதினோராவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பனிக்கோட்டுக்கு மேலே இந்தக் காரை ஓட்டினால் காப்புறுதி செல்லாது. அதாவது மலையில் ஒரு கீறல் விழுந்தாலும் முழுச் செலவும் நம் தலையில். எத்தனை மலிவாகச் சங்கிலி வாங்கினாலும் அந்த ஒரு வரிக்கு முன்னால் அது வெறும் இரும்பு. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இதைப்போல ஒரு வரி உண்டு என்று பிறகு தெரிந்தது. அண்ணன் மகளிடம் சொன்னேன். "அத்தை, நான் அதைப் படிக்கவே இல்லையே" என்றாள். அவள் மேலும் நான்கு இடங்களில் விசாரித்து, சங்கிலியோடு போனால் மலைக்கு அனுமதிக்கிற ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்தாள். வாடகை ஒரு நாளைக்குச் சில டாலர் கூட. அதை நான் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டேன்.

அந்த நிறுவனமே சங்கிலியும் தருவதாகச் சொன்னது. ஒரு நாளைக்கு 15 டாலர். கேட்பதற்கு மலிவுதான். ஆனால் கார் நம்மிடம் இருக்கிற எல்லா நாளுக்கும் கட்டவேண்டும் என்றார்கள். நாங்கள் கடற்கரைச் சாலை, நகர் சுற்றல் என்று ஆறு நாட்களுக்கு எடுத்திருந்தோம். மலைக்குப் போவது ஒரே நாள். ஆறு பதினைந்து தொண்ணூறு டாலர். நம் பணத்தில் 270 வெள்ளி. கடற்கரையில் நடப்பதற்குப் பனிச்சங்கிலிக்கு வாடகை கட்டவேண்டுமா? புதிதாக வாங்கலாம் என்றால் 100 டாலருக்கு மேல். அப்படியானால் மிஞ்சியது மலையடிவாரம்தான். மெல்பர்னிலிருந்து மலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர்களில், முக்கியமாக அடிவாரத்து மான்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரில், குளிர் ஆடை, சறுக்குக் கட்டை, சங்கிலி என்று எல்லாவற்றையும் நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு நாளைக்கு 40 டாலர் என்று தொலைபேசியில் விசாரித்து வைத்தோம்.

இதற்கெல்லாம் நடுவில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகன் கைப்பேசியில் சங்கிலி மாட்டும் படத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்தார். "இது உங்க தாத்தா கட்டின சங்கிலிதானே" என்றார்.

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா லோரி ஓட்டினார். அந்தப் பகுதி கடலோரக் களிமண். வெயிலில் பாறைபோல வெடிக்கும், மழையில் நெய்போல வழுக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மண்சடக்கில் இறங்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மழைக்காலம் தொடங்கியதும் அப்பா பழைய டிராக்டர்ச் சங்கிலித் துண்டுகளைக் கம்பியால் இணைத்து, பின்சக்கரங்களில் ஏணி மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார். விடியுமுன் இருட்டில்தான் அந்த வேலை. அம்மா பால்வெட்டுக்குப் போகும்போது நெற்றியில் கட்டுகிற விளக்கை அப்பா வாங்கித் தம் தலையில் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே! சிறுமியாக நான் பக்கத்தில் குந்தியிருந்து கொக்கிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் விரல் இடுக்குகளில் எப்போதும் கறுப்பு எண்ணெயும் கீறலுமாக இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சேற்றில் மாட்டிக்கொண்டபிறகு சங்கிலி கட்டமாட்டார். ஆபீஸுக்கு முன்னால் சமதரையில் கட்டிக்கொண்டுதான் சடக்கில் இறங்குவார். நேரம் போகிறது என்று கிராணி கத்துவார். அப்பா காதில் வாங்கமாட்டார். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் வேறொருவர் லோரியை எடுத்தார். காலையில் வெயில் அடித்ததால் சங்கிலி வேண்டாம் என்று விட்டுவிட்டார். நடுக்காட்டில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது, பின்னால் பெண்கள் நின்றுகொண்டிருந்த லோரி அல்லூரில் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மூட்டு நகர்ந்துவிட்டது. இன்றைக்கும் படியேறினால் அந்தக் காலைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, வரிசை வீடுகளாகிவிட்டது.

பிறகு படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. டயர்ச் சங்கிலிக்கு உரிமம் வாங்கியவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர், ஆண்டு 1904. அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் சேற்றிலும் பனியிலும் வழுக்காமலிருக்கத் தங்கள் சக்கரங்களில் கயிற்றையும் கொடியையும் சுற்றிக்கொண்டு ஓட்டியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் பிறந்ததாம். சேறுதான் முன்னே, பனி பின்னே என்று நான் வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மெல்பர்னில் கார் நிறுவனத்துக் கொட்டகையில் சாவி வாங்கியதும் என் கணவர் செய்த முதல் வேலை, குனிந்து டயரைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டது. 225/65 R17. அதோடு காரின் கையேட்டையும் புரட்டினார். சில கார்களில் சக்கரத்துக்கும் மூடிக்கும் இடையே இடம் போதாததால் சங்கிலியே மாட்டக்கூடாது என்று போட்டிருக்குமாம். நல்லவேளை, எங்களுக்கு வந்த காருக்கு அப்படி இல்லை. முன்சக்கரங்களில் மாட்டச் சொல்லியிருந்தது. எந்தச் சக்கரத்தை இஞ்சின் சுழற்றுகிறதோ அதில்தான் சங்கிலி மாட்டவேண்டும். அப்பாவின் லோரிக்குப் பின்சக்கரம், இந்தக் காருக்கு முன்சக்கரம். மறதியாகப் பின்னால் மாட்டினால் அழகுக்குத்தான் ஆகும்.

புதன்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். யேயா என்ற சிற்றூர், ஏரிக்கரை, ஆட்டுப் பண்ணைகள் என்று வழி நெடுகப் பசுமை. மான்ஸ்ஃபீல்ட் வந்து சேர்ந்தபோது பளிச்சென்று வெயில். தூரத்து மலைமேல் வெள்ளைத் துண்டு விரித்ததுபோலப் பனி தெரிந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கடைவாசலில் காரை நிறுத்திய மாப்பிள்ளை, மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வானம் தெளிவா இருக்கே. சாலையெல்லாம் துப்புரவு பண்ணி வச்சிருப்பாங்க. 120 வெள்ளி எதுக்கு அத்தை வீணா?"

உண்மையைச் சொன்னால் 120 வெள்ளி என்றதும் எனக்கும் மனசு அசைந்தது. பின்னிருக்கையில் இருந்த அம்மா அசையவில்லை.

"தம்பி, அன்னிக்கும் வெயில்தான் அடிச்சது" என்றார்.

மாப்பிள்ளைக்கு அந்தக் கதை தெரியாது. அண்ணன் மகளுக்குத் தெரியும். அவள் கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

கடைக்காரர் டயர் எண்ணைக் கேட்டார். எழுதி வைத்திருந்ததை நீட்டினோம். எழுதி வராதவர்கள் வெளியே ஓடிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையை எடுத்துத் தந்து, ஓர் உதிரிச் சக்கரத்தில் மாட்டிக் காட்டினார். முதலில் கம்பி வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டு மேலே இணைக்கவேண்டும். பிறகு வலையை முன்பக்கம் இழுத்துக் கொக்கி போடவேண்டும். கடைசியில் இறுக்கும் சங்கிலியை இழுத்து மாட்டவேண்டும். சில மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, மறுபடி ஒருமுறை இறுக்கவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பனி இல்லாத தார்ச்சாலைக்கு வந்ததும் கழற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியும் அறும், சாலையும் கெடும். வாடகை 40 டாலர், அதற்கு மேல் முன்பணம். திருப்பித் தந்ததும் முன்பணம் திரும்பும். டீசல் வண்டியாக இருந்தால் குளிருக்கு உறையாத மலை டீசல் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எங்களுடையது பெட்ரோல்.

கடைக்குப் பக்கத்து வெற்றிடத்தில், வெயிலில், சமதரையில் ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் என் கணவரும் மண்டியிட்டார்கள். முதல் சக்கரத்துக்குப் பதினைந்து நிமிடம், இரண்டாவதற்கு ஏழு நிமிடம். மகன்தான் கொக்கி எடுத்துக் கொடுத்தான்.

மலையடியில் மிரிம்பா என்ற இடத்தில் நுழைவு வாயில். அங்கே சங்கிலி இருக்கிறதா என்று கேட்டார்கள், பையைக் காட்டினோம். அங்கிருந்து மேலே 16 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாறு கிலோமீட்டர் ஏறியிருப்போம், வெயில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. முதலில் தூறல், பிறகு அந்தத் தூறலே பஞ்சாக மாறிக் கண்ணாடியில் ஒட்டியது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். எனக்கும்தான் வாயடைத்துப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஒரு திருப்பத்தில் பலகை: இங்கே சங்கிலி மாட்டவும். அதற்கென்றே சாலையோரம் அகலமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்பே ஏழெட்டுக் கார்கள் நின்றிருந்தன.

கடைக்கு வெளியே ஏழு நிமிடத்தில் மாட்டியவர்களுக்கு இங்கே இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. குளிரில் விரல்கள் மரத்துவிட்டன. கம்பளிக் கையுறை நனைந்து கனத்தது. இங்கே என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். பாத்திரம் கழுவுகிற நீண்ட ரப்பர் கையுறை இரண்டு சோடியைக் கிள்ளானில் வாங்கிப் பெட்டியில் போட்டு வந்திருந்தேன். கம்பளியின்மேல் அதைப் போட்டுக்கொண்டதும் வேலை ஓடியது. காரின் கால்மிதி ரப்பரை எடுத்து முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டார்கள். நெற்றி விளக்குதான் இல்லை; நான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். அம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கோட்டும் சால்வையுமாக இறங்கி நின்று, "பின்னாடி கொக்கி சரியா விழுந்துச்சா பாருங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காரின் வெள்ளைக்காரர் ஒருவர் இந்தக் கிழவியை வியப்பாகப் பார்த்தார்.

நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறிய கார் நிற்காமல் எங்களைக் கடந்து மேலே போயிற்று. இளம் பிள்ளைகள் நால்வர். அடுத்த ஏற்றத்தில் அவர்களைப் பார்த்தோம். சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்பக்கமாக. பிரேக் பிடித்தும் அது நிற்காமல் அரைவட்டம் அடித்து, மலையோரத்துப் பனிக் குவியலில் மெதுவாகப் போய்ச் சாய்ந்தது. மறுபக்கம் போயிருந்தால் பள்ளம். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இறங்கி நின்று கைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். காவல் வண்டி ஒன்று ஏற்கெனவே அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் கார் கடகடவென்ற சத்தத்தோடு, ஆமைபோல, அவர்களைக் கடந்து ஏறியது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். யாரும் பேசவில்லை.

மேலே என்ன பார்த்தோம் என்று விவரித்தால் பக்கம் போதாது. மகன் ஒரு மணி நேரம் சறுக்கப் படித்தான். படித்ததைவிட விழுந்தது அதிகம். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த காசைப் பார்க்கும்போது சங்கிலி எத்தனை மலிவு! மகள் பனியை உருட்டி ஒரு பொம்மை செய்து, அதன் நெற்றியில் என் ஒட்டுப்பொட்டை எடுத்து வைத்தாள். அம்மா ஒரு பிடி பனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அது கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டுப் புறப்பட நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். பனியைத் தொட்டுப் பார்த்தால் போதும், சறுக்கவேண்டாம் என்பவர்களுக்கு லேக் மௌண்டன் கிட்டே. மேரிஸ்வில் ஊர் வழியாக மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரம்தான். அங்கேயும் சங்கிலி வேண்டும். கார் ஓட்டப் பயமென்றால் மான்ஸ்ஃபீல்டிலிருந்து புல்லர் மலைக்குப் பேருந்து உண்டு. இரண்டு பேர் மட்டும் போவதானால் அதுவே சிக்கனம் என்பேன். அம்மாவின் முழங்காலும் ஏழு பேர் கணக்கும் எங்களைக் காருக்குத் தள்ளின. சிட்னி பக்கம் போகிறவர்கள் கொஸ்கியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் நுழையும்போது, ஜூன் முதல் தேதியிலிருந்து அக்டோபர் 10 வரை, நான்கு சக்கர இயக்கம் இல்லாத கார் என்றால் சங்கிலி எடுத்துப் போகவேண்டும். ஜப்பானில் ஹொக்கைடோ பக்கம் நிலைமை வேறு. குளிர்காலத்தில் வாடகைக் காருக்கே பனி டயர் போட்டுத் தந்துவிடுகிறார்கள். எங்கே போனாலும் சரி, சங்கிலி விலையை விசாரிக்குமுன் வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

இறங்கும்போது பனி நின்றிருந்தது. ஈரத் தார்ச்சாலை தொடங்கிய இடத்தில் சங்கிலியைக் கழற்றினோம். கழற்ற ஐந்தே நிமிடம். மான்ஸ்ஃபீல்ட் கடைக்குப் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கடைக்காரர் பையைக் கொட்டி, சங்கிலியை நீள விரித்துக் கண்ணி கண்ணியாகப் பார்த்தார். அறுந்தது இல்லை, முன்பணம் முழுவதும் திரும்பிற்று. பிறகு அதைத் தண்ணீரில் அலசிக் கொக்கியில் தொங்கவிட்டார். அம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"காஞ்சதும் எண்ணெய் போடணும்னு சொல்லு. இல்லேன்னா துரு ஏறிடும்."

அண்ணன் மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். கடைக்காரர் சிரித்தபடி மேசைக்கு அடியிலிருந்து ஒரு எண்ணெய் டப்பாவை எடுத்துக் காட்டினார். அம்மா அதை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்.